டேப்புக்கு உள்ளே

— அப்பா! அப்பா! ஓடி வாங்க! சமையல்கட்டுல குண்டு விழுந்துடுச்சு!

— குண்டு இல்லடி, டப்பா. இரு, யாரும் அசையாதீங்க. வாண்டு எங்க? டேய் வாண்டு! இருக்கியா?

— நான் எதுவும் பண்ணல.

— பண்ணினதை அப்புறம் பேசலாம். எங்க அடி பட்டுச்சு, அதைச் சொல்லு. தலையைக் காட்டு. கையைக் காட்டு. கால் விரலை எண்ணு பாப்போம்.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு.

— நாலு எங்கடா?

— நாலு மாவுக்குள்ள இருக்கு.

— அப்பா, நான் சொன்னேன்ல? மாவு டப்பாவை மேல் தட்டுல வைக்காதீங்க, இவன் ஸ்டூல் போட்டு ஏறுவான்னு நான் சொன்னேன்ல?

— சொன்னம்மா மேஸ்திரி, சொன்ன. இந்த வீட்டுல நீ சொல்லாத விஷயம்னு ஒண்ணு இருக்கா? மணி என்ன?

— ஏழு. ஏழே காலுக்கு அம்மா வீடியோ கால்ல வந்துடுவா. இவனைப் பாருங்க, வெள்ளைப் பூனை மாதிரி நிக்கிறான். கண்ணு மட்டும்தான் தெரியுது.

— மியாவ்.

— நீ பேசாதடா! எனக்குக் கோவம் வருது.

— பாத்துக்கலாம், பாத்துக்கலாம். பதினஞ்சு நிமிஷத்துல நான் ஒரு ஜன்னலுக்கே பெயிண்ட் அடிச்சு முடிச்சிருக்கேன். டேப்புக்கு உள்ள எதுவும் விழலையே?

— மேஜைக்கு அடியில கொஞ்சம். நாற்காலி மேல கொஞ்சம்.

— அப்ப அதை மட்டும் துடை. மத்ததை விடு. தரையில டேப் ஒட்டின கட்டம் இருக்கே, அதுக்கு உள்ள இருக்கிறதுதான் ஃபோன்ல தெரியும். மேஜை தெரியும், நாம மூணு பேரும் தெரிவோம், பின்னாடி சுவரு தெரியும். வெளியில இடியே விழுந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. எத்தனை சுவத்துக்கு டேப் ஒட்டின கை இது!

— துணி மலை?

— அது கட்டத்துக்கு வெளியில.

— மூணு நாளு பாத்திரம்?

— அதுவும் வெளியில. வாண்டு, இங்க வா. தொட்டிகிட்ட நில்லு, தலையைத் தட்டி விடுறேன். தும்மாத. தும்மாதடா, தும்மாத...

— ஹச்!

— போச்சு. இப்ப நானும் வெள்ளை.

— உங்க வேலைச் சட்டை எப்பவும் அப்படித்தான இருக்கும்? அம்மாவுக்கு வித்தியாசமே தெரியாது. அப்பா, என் தலை! ஒரு பக்கம்தான் பின்னியிருக்கீங்க!

— வா, இன்னொரு பக்கத்தையும் முடிச்சுடுறேன். ஆடாம நில்லு.

— ஆ! மெதுவா! இது தலைமுடிப்பா, பிரஷ் இல்ல.

— பிரஷ் இவ்வளவு கத்தாது. ரப்பர் பேண்டு எங்க?

— இவன் தண்ணித் தொட்டியில போட்டுட்டான். அப்பா, வேணாம்! நேத்து மாதிரி டேப்பைச் சுத்தாதீங்க! ஸ்கூல்ல எல்லாரும் என்னை பார்சல்னு கூப்பிடுறாங்க.

— பார்சல் பத்திரமாப் போய்ச் சேருதுல்ல? அதான் முக்கியம். முடிஞ்சுது. இப்ப ஒத்திகை. வாண்டு, சாப்டியான்னு அம்மா கேட்டா என்ன சொல்லணும்?

— சாப்ட்டேன்.

— என்ன சாப்ட்ட?

— கருகின ரொட்டி.

— வெறும் ரொட்டின்னு சொல்லுடா. கருகினதை விட்டுடு.

— கருகினதை விட்டுட்டா ஒண்ணுமே இல்லையேப்பா.

— அப்பா, இவன் உளறிடுவான். நான் சொன்னேன்ல? இவனைத் தூங்குறான்னு சொல்லிடலாம்.

— அவனைப் பாக்காம அவ ஃபோனை வைக்க மாட்டா. நீ சிரி பாப்போம். வாயைத் திறக்காம. ம், பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் சந்தோஷமா.

— இதுக்கு மேல சந்தோஷமா சிரிச்சா பல்லு தெரியும். மூணு நாளா வாயை மூடியே சிரிக்கிறேன், கன்னம் வலிக்குது. "ஏண்டி பெரிய மனுஷி மாதிரி சிரிக்கிற"ன்னு அம்மா நேத்தே கேட்டா.

— இன்னைக்கு ஒரு நாள்தான், தங்கம்.

— முன்பல்லு விழுந்தா முதல்ல என்கிட்டதான் சொல்லணும்னு சொல்லிட்டுப் போனாப்பா. ஆடுதான்னு விரலால தொட்டுப் பாத்துட்டுத்தான் வண்டி ஏறினா.

— தெரியும். தெரிஞ்சுதான் வேணாங்கிறேன். விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சா, அவ அங்க பாடத்தைக் கவனிப்பாளா, இல்ல உன் பல்லையே நினைச்சுட்டு உக்காந்திருப்பாளா?

— இன்னைக்குத்தான கையெழுத்து?

— காலையில பத்து மணிக்கு. முதல் ஒன்றரை மாசப் பயிற்சி முடிஞ்சுடுச்சு. மிச்ச நாலரை மாசமும் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டா ரயில் ஓட்டலாம். போடலேன்னா வீட்டுக்கு வந்துட வேண்டியதுதான். மறுபடியும் கூப்பிட மாட்டாங்க.

— வந்துட்டா நல்லாத்தான இருக்கும்?

— மேஜையைத் துடைச்சியா?

— துடைச்சுட்டேன். அப்பா, உங்களைத்தான் கேக்குறேன்.

— நல்லாத்தான் இருக்கும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நேத்து உப்பு எந்த டப்பான்னு தெரியாம அவளுக்கு ஃபோன் போடப் போனேன். போடல. கைக்கு வந்ததை அள்ளி முட்டையில போட்டேன். சக்கரை.

— அதான் அப்படி இருந்துச்சா!

— எனக்கு இன்னும் வேணும். முட்டை மிட்டாய்.

— பாரு, ரசிக்கத் தெரிஞ்சவன். மேஸ்திரி, இங்க வா, உக்காரு. நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே அவ அந்த ரயில்வே பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிச்சுட்டா. அப்புறம் நீ மடியில, புத்தகம் முட்டியில. அதுக்கு அப்புறம் இவன் மடியில, புத்தகம் அதே முட்டியில. மூணு தடவை எழுதித்தான் இடம் கிடைச்சுது. இங்க ஒரு கரண்டி கீழ விழுந்துச்சுன்னு தெரிஞ்சாலும், அவ அங்க பேனாவைக் கீழ வெச்சுடுவா. நம்மளால அவ திரும்பி வந்துட்டான்னு ஆகக் கூடாது. புரியுதா?

— புரியுது. ஆனா பிடிக்கல.

— எனக்கும்தான் பிடிக்கல.

— அக்கா, அழுதியான்னு அம்மா கேட்டா நான் என்ன சொல்லணும்?

— அழலைன்னு சொல்லணும்.

— அழுதேனே?

— அது நமக்குள்ளடா.

— ஃபோன் அடிக்குது! அப்பா, ஃபோன் அடிக்குது!

— எல்லாரும் இடத்துக்கு! வாண்டு, காலைத் தூக்கி வெச்சுக்கோ, வெள்ளையா இருக்கு. மேஸ்திரி, வாயை மூடு, சிரி. எடுக்கிறேன்... வாங்க, வாங்க, ரயிலம்மா!

— என்னங்க இது, ஃபோட்டோ எடுக்க உக்காந்த மாதிரி மூணு பேரும் வரிசையா?

— தினமும் இப்படித்தான உக்காருறோம்?

— ஆமா. தினமும் இப்படித்தான். சாப்டீங்களா? பாப்பா?

— ம்ம்.

— கண்ணா, நீ?

— சாப்ட்டேன்மா. வெறும் ரொட்டி. கருகல.

— நல்லது. அம்மா இல்லன்னு அழுதியாடா?

— அழலை.

— ஒரு நாள்கூடவா?

— எங்க அழறது? அதுக்கெல்லாம் இங்க நேரம் ஏது? ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான். பெரியவளைப் பாரு, வாய் நிறையச் சிரிப்பு.

— பாக்குறேன். ஏங்க, அந்தச் சுவத்தைப் பத்தி நாலஞ்சு நாளா கேக்கணும்னு இருந்தேன்.

— கண்டுபிடிச்சிட்டியா! ஞாயித்துக்கிழமை அடிச்சேன். பட்டி போட்டு, தேய்ச்சு, ரெண்டு கோட்டு. எப்படி, கண்ணாடி மாதிரி இல்ல?

— அங்க ஒரு யானை இருந்துச்சே.

— எந்த யானை?

— சின்னவன் போட்ட யானை. அஞ்சு காலோட. அவன் முதல் முதல்ல போட்ட படம்.

— அந்தக் கிறுக்கலா? அதெல்லாம் எப்பவோ அடியில போயிடுச்சு. நம்ம வேலைன்னா சும்மாவா? ஒரு கோடு எட்டிப் பாக்குதா சொல்லு! சுவரு சுத்தமா இருக்கா, இல்லையா?

— சுத்தமா இருக்கு. வீடே சுத்தமா இருக்கு. நான் இருந்தப்பகூட இப்படி இருந்ததில்ல.

— அதைத்தான் நானும் சொல்றேன்! இங்க ஒரு குறையும் கிடையாது. வண்டி அதுபாட்டுக்கு ஓடுது. உன்னைத் தேடக்கூட எங்களுக்கு நேரமில்ல. நீ நிம்மதியா இரு.

— தேடக்கூட நேரமில்ல.

— சுத்தமா இல்ல.

— சரிங்க. ஒண்ணு சொல்லலாம்னு நினைச்சேன். வேணாம், அப்புறம் சொல்றேன். வெச்சுடுறேன்.

— அம்மா, வெச்சுடாத!

— டேய் வாண்டு, உக்காருடா!

— அம்மா, நான் வேற யானை போட்டிருக்கேன். தரையில. மாவுல. வா, காட்டுறேன்.

— அப்பா, இவன் ஃபோனை எடுத்துட்டான்! அப்பா, டேப்பைத் தாண்டிட்டான்!

— பிடி அவனை! மேஸ்திரி, அந்தப் பக்கம் மறி! ஆ, வழுக்குது!

— இதான் யானை. இது தும்பிக்கை. இது அப்பாவோட செருப்பு, யானை மேல மிதிச்சுட்டாரு. இது கழுவாத பாத்திரம். இது துணி மலை. நேத்து இதுக்குள்ள ஒளிஞ்சேன். அப்பா தேடித் தேடிப் பாத்தாரு, கிடைக்கவே இல்ல. அப்புறம் அழுதாரு.

— அது தூசிடா! கண்ணுல பெயிண்ட் தூசி!

— அப்புறம் இது உன்னோட சட்டைம்மா. இதைப் பிடிச்சுட்டுத்தான் தூங்குவேன். துவைக்கக் கூடாது. துவைச்சா அம்மா வாசனை போயிடும்னு அக்கா சொல்லியிருக்கா.

— அப்பா, அம்மா முகம் அசையவே இல்ல. படம் நின்னுடுச்சா?

— நிக்கல, பாப்பா. பாத்துட்டுத்தான் இருக்கேன். நீ ஏண்டி அழற?

— திட்டாதம்மா. எனக்குப் பல்லு விழுந்துடுச்சு. செவ்வாய்க்கிழமையே விழுந்துடுச்சு. உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு தெரியும். ஆனா சொல்லல. தீப்பெட்டியில பஞ்சு போட்டு வெச்சிருக்கேன்.

— காட்டு. ஆ காட்டு. இன்னும் பெருசா.

— ஆ...

— என் தங்கமே! அந்த ஓட்டையில காத்து வருதா?

— விசிலே வருதும்மா.

— கேளு, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு, பிள்ளைங்களை விட்டுடு. எல்லாம் என் வேலை. கட்டம் போட்டு டேப் ஒட்டி, ஒன்றரை மாசமா அதுக்குள்ள மட்டும்தான் கூட்டுறேன். சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சதும் அதுக்குத்தான். இந்தக் கூத்தைப் பாத்தா நீ எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவியோன்னு பயம். ஆனா ஒண்ணு, நாங்க சமாளிக்கிறோம். அழகா சமாளிக்கல, கேவலமாத்தான் சமாளிக்கிறோம். ரொட்டி கருகுது, ஆனா வயித்துக்குப் போகுது. பெரியவ தலை கோணலா இருக்கு, ஆனா மணி அடிக்கிறதுக்குள்ள ஸ்கூலுக்குப் போயிடுறா. நீ வந்துடாத. உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன், போய் கையெழுத்தைப் போடு.

— போட்டுடும்மா. நாங்க இப்பவே எல்லாத்தையும் கழுவிடுறோம். இவனையும் கழுவிடுறோம்.

— கழுவாதீங்க.

— என்னம்மா?

— சாயங்காலம் நான் கூப்பிடுற வரைக்கும் எதையும் தொடாதீங்க. முதல்ல அந்த டேப்பை உரிச்சுக் குப்பையில போடுங்க. இனிமே ஃபோனைச் சின்னவன் கையிலதான் குடுக்கணும், சொல்லிட்டேன். பத்து மணிக்கு முதல் ஆளாப் போய் நான் கையெழுத்துப் போடப் போறேன்.

— நிஜமாவா? இவ்வளவையும் பாத்துட்டா?

— பாத்ததாலதாங்க.

— எனக்கு ஒண்ணும் விளங்கல. பரவாயில்ல, பாத்துக்கலாம். ஏய், இரு இரு. ஃபோனை அப்படியே பிடி. உனக்குப் பின்னாடி கட்டில் மேல என்னது? பெட்டியா? பூட்டுப் போட்டு, கயிறு கட்டி... போர்வையெல்லாம் மடிச்சு வெச்சிருக்க! இதை எப்பக் கட்டின?

— நேத்தே கட்டிட்டேங்க, கையெழுத்துப் போடாம வந்துடலாம்னு. இன்னும் நாலரை மாசம் கழிச்சு வந்தா, அந்தச் சுத்தமான வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, நான் யாருன்னு உங்க மூணு பேருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருக்குமோன்னு பயந்துபோய்க் கட்டினேன்.