எழுபத்து மூன்று இலை

இறங்குகிறோம். தேவிகுளத்திலிருந்து போடிக்குப் போகும் மலைப்பாதை. ஐப்பசி மாதம். சனிக்கிழமை. விடிந்து ஒரு மணி நேரம். மூடுபனி. முன்னால் போகிறவர்களின் இருமல்தான் வழி காட்டுகிறது.

"ஒக்காராதிய! ஒக்காந்தா எந்திரிக்க மாட்டிய! நடங்க!" பின்னாலிருந்து கங்காணி கத்துகிறார்.

எனக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்தாள். எழவில்லை. நான் தேயிலைத் தோட்டத்துக் கம்பவுண்டர். மதுரையில் மருந்து கலக்கப் படித்தவள். பையில் மருந்து தீர்ந்து மூன்று நாள். அவள் கண்களை மூடினேன். பேரைக் குறித்துக்கொண்டேன். நடந்தேன்.

கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிப்பார்கள். ஞாயிறு முதல் நான்கு நாள் அது ஓயவில்லை. வியாழன் காலை நின்றது. அடிப்பவர் இறந்திருந்தார்.

எப்படித் தொடங்கியது என்று வரிசையாக எழுதுகிறேன்.

மகாயுத்தத்தின் நான்காம் வருஷம், 1918. பர்மா அரிசிக் கப்பல்கள் வரவில்லை. தோட்டத்தில் கொடுத்த அரிசி பாதியானது. பிள்ளைகளின் ஈறில் ரத்தம். பெரியவர்களுக்குக் கால் வீக்கம். மாலைக்கண். என் குப்பிகளில் இதற்கு மருந்தில்லை. லயத்துக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த சரிவைத் துரையிடம் கேட்டேன். காய்கறி போட. கொடுத்தார்.

லயத்துப் பேச்சிதான் முதலில் மண்வெட்டி எடுத்தாள். பகலெல்லாம் கொழுந்து பறிப்பாள். வந்து இருட்டும்வரை கொத்துவாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். ஆவணியில் மழை ஓய்ந்ததும் விதைத்தோம். கீரை, முள்ளங்கி, பீன்ஸ், கோசு. குடும்பத்துக்கு எவ்வளவு என்று நான் பங்கு எழுதினேன்.

"கம்பவுண்டரம்மா, முள்ளங்கியையும் அவுன்சு கிளாசுல அளந்துதான் தருவியளோ?" என்று பேச்சி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கீரையை உடனே பறித்தோம். ஈறுகள் ஆறின. மற்றதைத் தொடவில்லை. முதல் காய்ப்பைக் காவல் தெய்வம் மாடசாமிக்குப் படைத்து, ஒரே அண்டாவில் ஆக்கி, எல்லோரும் ஒன்றாக உண்ட பிறகே வீட்டுக்கு எடுப்பார்கள். அது வழக்கம். பேச்சிக்கு ஒரு நேர்ச்சையும் இருந்தது. தம்பி இசக்கி பட்டாளத்துக்குச் சுமை தூக்கும் கூலியாளாகச் சேர்ந்து பஸ்ரா போயிருந்தான். உயிரோடு திரும்பினால் படையலன்று எல்லா இலைக்கும் அவன் கையால்தான் பரிமாற வேண்டும்.

திரும்பினான். படையலுக்கு முந்தின நாள். வெப்பமானி நூற்றிரண்டு காட்டியது. விஷக்காய்ச்சல் பரவுகிறது, காய்ச்சல்காரரைக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது என்ற சர்க்கார் அறிக்கை என் மேசையில் இருந்தது. படித்திருந்தேன்.

"அவன் வேண்டாம் பேச்சி. காய்ச்சல் அடிக்குது."

"மலையேறி நனஞ்சு வந்திருக்கான், காயாம என்ன செய்யும்? நாள் தவறாம அந்த மண்ணைக் கொத்தினேன்மா. எனக்குன்னு வேற எதாவது கேட்டனா?"

கேட்டதில்லை. அறிக்கையை மடித்து வைத்தேன்.

செவ்வாய். உச்சிவேளை. எழுபத்து மூன்று இலை. நான்தான் எண்ணிப் போட்டேன். இசக்கி ஒவ்வொரு இலைக்கும் குனிந்தான். கூட்டு வைத்தான். இருமினான். அடுத்த இலை. என் இலைக்கும் வந்தான். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

வியாழன் காலை ஒன்பது பேருக்குக் காய்ச்சல். ஞாயிறு முதல் சாவு. அடுத்த வெள்ளி, நடக்க முடிந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

மார்கழியில் திரும்பிப் போனேன். கோசு முற்றி வெடித்திருந்தது. பீன்ஸ் கொடியிலேயே காய்ந்திருந்தது. முள்ளங்கி ஒரு வரிசைகூட முழுதாகப் பிடுங்கப்படவில்லை.

உண்டவர் எழுபத்து மூவர். லயத்தில் இறந்தவர் இருபத்தெட்டு. மலைப்பாதையில் ஆறு. பேச்சி லயத்தில், திங்கட்கிழமை. இசக்கி பிழைத்தான். எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

காரணவாரியாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.

காய்ச்சல்: முப்பத்து நான்கு.

பசி: ஒருவருமில்லை.