பூஞ்சை மருந்து

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தேழு. இலைகளுக்குள் வாழும் பூஞ்சைகளை ஆராய்கிறேன். தாம் பிழைத்திருக்கத் தேவையில்லாத சில பொருள்களையும் அவை சுரக்கும். பக்கத்தில் வேறெதுவும் வளராமல் தடுக்க அவை பயன்படும். அவற்றில் மனிதருக்கு உதவுவது எது என்று தேடுவதே என் வேலை. கைதாகியிருப்பவர் என் அக்கா. இறந்தவர் அவள் கணவர். அத்தான் என்று கூப்பிடுவேன். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அத்தானுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகும் அவர் என்னைக் கேலி செய்வதை நிறுத்தவில்லை. "ரொட்டியில பூசணம் பூத்தா ஊரே தூக்கிப் போடுது, இவ மட்டும் ஊட்டி ஊட்டி வளக்குறா" என்பார்.

அதன் பிறகு ஒரு மாலை, மறுநாள் வேறொரு ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டிய பூஞ்சைச் சாற்றுக் குப்பியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அந்தச் சாறு சோதனைத் தட்டில் புற்றணுக்களைக் கொன்றிருந்தது. நல்ல அணுக்களை என்ன செய்யும் என்று பார்க்கத்தான் கொண்டுபோக இருந்தேன். அக்கா என்னவென்று கேட்டபோது முதல் பாதியை மட்டும் சொல்லி, தொடாதே என்றேன். "நான் ஏன்டி தொடப்போறேன்" என்றாள்.

காலையில் அத்தான் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். பால் குடித்த டம்ளரின் அடியில் பழுப்புக் கசடு இருந்தது. குப்பி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. தடயத்தை அழிக்கக் கழுவியதாகச் சொல்கிறார்கள். அக்கா எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் போடமாட்டாள்.

அதன் பிறகு மருத்துவமனையில் செவிலியர், "என்னம்மா குடிச்சாரு?" என்று கேட்டார். அக்கா, "பூஞ்சை மருந்து. நான்தான் குடுத்தேன்" என்றாள். செவிலியர் 'பூஞ்சைக்கொல்லி' என்று எழுதினார். பயிருக்குத் தெளிப்பது இல்லை, பூஞ்சையிலிருந்து எடுத்தது என்று நான் சொல்வதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதை வைத்துத்தான் பிறகு எங்கள் வீட்டில் பூச்சிமருந்து டப்பாவைத் தேடினார்கள்.

அத்தானுக்கு ஒருமுறை நினைவு திரும்பியது. அப்போது பக்கத்தில் நான் மட்டுமே இருந்தேன். "அவ சொல்லிட்டுதான் குடுத்தா. தெரிஞ்சுதான் குடிச்சேன். உன் பூசணம் என்னா கசப்பு" என்றார். அன்று மாலை இறந்துவிட்டார்.

அது மருந்தா விஷமா, ஒரே வார்த்தையில் சொல்லும்படி அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கக் குப்பியில் மிச்சமும் இல்லை.

இதை எழுதிய காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் தாளில் 'அக்கா கொடுத்த விஷம்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'அக்கா கொடுத்த மருந்து' என்று என் கையால் எழுதினேன். "கோர்ட்ல ரெண்டும் ஒண்ணாத்தாம்மா படிப்பாங்க" என்றார். இருக்கட்டும் என்று சொல்லி, அடித்த இடத்திலும் கடைசியிலும் ஒப்பமிடுகிறேன். மற்றபடி இதில் உள்ளது முழுக்க நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)