இரண்டாம் சாட்சி இல்லாதவர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மலர்வளையத்தோடு வந்திருக்கும் பெரிய நினைவு மண்டபத்தின் காப்பாளர் அவர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"ஐயாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லும்மா. அஞ்சு நிமிஷம். அழாம சொல்லு" என்றார் தலைவர். அழ மாட்டேன். நாலு நல்ல வார்த்தை தேறுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

இதோ படமாக உட்கார்ந்திருக்கிறாரே, நம் பட்டியல் ஐயா, அவர் யார்? முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் ஆற்றோரத்து ஒன்பது ஊர்களில் பன்னிரண்டே நாளில் நம் ஜனங்களைக் கொன்று முடித்தார்களே, அந்தச் செத்தவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அத்தனையும் அவர் கையெழுத்து. மாடியில், ஒழுகும் கூரைக்குக் கீழே, மின்விசிறி இல்லாத இரண்டு அறைகளில் உட்கார்ந்து எழுதியவர். நான் அவரிடம் ஐந்து வருடம் தட்டச்சு வேலை பார்த்தேன். ஐந்து வருடமும் அவர் மேல் எனக்குக் கோபம்.

சின்னப் பிள்ளைகளும் வந்திருப்பதால் அவருடைய முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் செத்தார் என்று எழுத இரண்டு சாட்சி வேண்டும். இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைப்பார். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழக்கூடாது. பெயர் என்ன, வயது என்ன, வீடு எங்கே இருந்தது, அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? ஆமாம், பிடிக்காதது! "பிடிச்சதைக் கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி பொய் சொல்லுவாங்கம்மா" என்பார். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போனால் புத்தகத்தில் மையால் ஏறும். ஒரே ஒரு சாட்சி என்றால் ஒரு சீட்டில் எழுதி, கீழே 'ஏற்கப்படவில்லை' என்று கையெழுத்துப் போட்டு இரும்பு அலமாரிக்குள் வைத்துவிடுவார்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? ஆரம்பத்தில் அவரும் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொண்டவர்தான். பதினோராயிரம் பெயரோடு முதல் பட்டியல் வெளியானது. நம்மைக் கொன்றவர்களின் அரசாங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடியது. தேடி, அதில் பெயர் இருந்த ஒரே ஒருவரை உயிரோடு பிடித்தது. குடை ரிப்பேர் செய்கிற ஆள். தூரத்து நகரத்தில் ஒரு நடைபாதையில் உட்கார்ந்து குடைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் சிரித்த முகத்தோடு அவர் படம்! அவ்வளவுதான். உயிரோடு இருந்த ஒருத்தர் பதினோராயிரம் பிணத்தைப் பொய்யாக்கிவிட்டார். அந்தக் குடைக்காரர் பிறகு ஐயாவைத் தேடி வந்து வாசலில் நின்று, "ஐயா, நான் சாகாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கங்க" என்றாராம். ஐயா உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வந்ததுதான் இந்த இரண்டு சாட்சி முறை.

நியாயமான முறைதானே என்கிறீர்களா? என் அம்மாவைக் கேளுங்கள்.

அம்மாவின் தெருவில் அறுபத்தொரு பேர் செத்தார்கள். அம்மா மட்டும் தப்பினாள். தைரியத்தாலோ புத்தியாலோ அல்ல, சொத்தைப் பல்லால். பல் பிடுங்கிக்கொள்ள அன்று பக்கத்து டவுனுக்குப் போயிருந்தாள். பின்னால் நான் பிறந்து கைக்குழந்தையாக இருந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஐயாவிடம் வந்து, அறுபத்தொரு பெயரையும் வீட்டு வரிசைப்படி ஒப்பித்திருக்கிறாள். ஐயா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கேட்டாராம்:

"உங்க தெருவிலேருந்து இன்னொருத்தர் வரணுமேம்மா."

"வர மாட்டாங்க."

"ஏன்?"

"செத்துட்டாங்கய்யா. இவ்வளவு நேரமா அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"பக்கத்துத் தெரு ஆளுங்க?"

"அவங்களும்தான். அவனுங்க வேலையை அரைகுறையா செய்யல."

ஐயா பேனாவை மூடிவிட்டார். அம்மா எழுந்து நின்று, "அவனுங்க விட்டுட்டுப் போன மிச்சத்தை நீங்க முடிச்சு வைக்கிறீங்க" என்றாள். ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமாம்மா. டீ குடிக்கிறீங்களா?"

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததே திருடத்தான். இன்று இந்த மேடையில் ஒத்துக்கொள்கிறேன். தட்டச்சு செய்யும்போது அறுபத்தொரு பேரையும் நடுநடுவே நுழைத்துவிடலாம் என்று திட்டம். முதல் மாதமே என் சின்னம்மா பெயரை நுழைத்தேன். அன்று சாயங்காலமே சிவப்பு மையால் அடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "உன் சின்னம்மா பேரு நல்ல பேரு. ஆனா இங்க இருக்கக்கூடாது." என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

சபையோரே, சில படுகொலைகளை உலகம் ஏன் ஞாபகம் வைத்திருக்கிறது? சிலவற்றை ஏன் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிறது? கொடுமையின் அளவைப் பார்த்தா? அப்படி நம்பித்தான் நான் கல்லூரியில் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதினேன். எல்லாம் வெறும் பேச்சு. அழுவதற்கு ஆள் மிஞ்சினால் ஞாபகம் இருக்கும். கொன்றவன் தோற்றுப்போனால் ஞாபகம் இருக்கும். அவன் ஒழுங்காகக் கோப்பு எழுதி வைக்கிறவனாக இருந்தால் ஞாபகம் இருக்கும். நம்மைக் கொன்றவர்கள் தோற்கவில்லை, எதையும் எழுதி வைக்கவில்லை, இன்று உலகத்துக்கே துணி தைத்து விற்கிறார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவரின் சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், பாருங்கள்! எந்த நாட்டுத் துணி? இரங்கல் கூட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டுதானே வந்திருக்கிறோம்?

நாம் மட்டும் யோக்கியமா? நம் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கடைத்தெருவில் நிறையப் பேர் தப்பினார்கள், அதனால் அங்கே செத்த ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, கெட்ட குணம்கூட இருக்கிறது. ஆள் மிஞ்சாத தெருக்களின் பக்கம் காலி. முழுசாகக் கொல்லப்பட்டவன் முழுசாக மறக்கப்படுகிறான். உலகம் நமக்குச் செய்ததை நாம் நம்மவர்களுக்கே செய்து, அழகாக அட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

காப்பாளர் அவர்களே, உங்கள் மண்டபத்துக்கு ஐயாவும் நானும் வந்தது நினைவிருக்கிறதா? குளிரூட்டிய அறை. கூடம் கூடமாக இன்னொரு ஜனத்தின் சாவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அழுதார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்தவர் பிணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்! அந்தப் பாவத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா உங்களிடம் ஒரே ஒரு சுவர் கேட்டார்.

"போட்டோ இருக்கா?" என்றீர்கள்.

"இல்லைங்க."

"உடைமைகள்? சாவி, பொம்மை, கண்ணாடி?"

"எரிச்சிட்டாங்க."

"எண்ணிக்கை எவ்வளவு?"

"நாலாயிரத்து முந்நூறு சொச்சம்."

தலையைச் சாய்த்து, "பார்வையாளர்களுக்கு அது கொஞ்சம்..." என்று இழுத்தீர்கள். ஐயா கைகூப்பினார். "இன்னும் கொஞ்சம் பேரைக் கொன்னிருக்கணுமா சார்? முன்கூட்டியே சொல்லியிருந்தா கேட்டுப் பார்த்திருப்போமே."

நீங்களும் சிரித்தீர்கள். பெருந்தன்மை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுங்கள் தலைவரே.

நாலு நாளைக்கு முன் பட்டியல் ஐயா மாடிப்படியில் விழுந்து இறந்தார். மறுநாளே காப்பாளர் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. சுவர் தருகிறார்களாம்! நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் கல்லில் வெட்டுவார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. நிரூபிக்கப்படாத தாள் எதுவும் சங்கத்தின் கையில் இருக்கக்கூடாது. அந்த நாட்டுத் தூதரகம் இன்னொரு குடைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டால் மண்டபத்துக்குச் சங்கடம். செயற்குழு கூடிற்று. அலமாரியில் இருக்கும் ஒன்பதாயிரம் பெயரின் ஒற்றைச் சாட்சிச் சீட்டுகளையும் அழித்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். செயலாளர் போட்டுவிட்டார். மூன்றாவது கையெழுத்து பதிவாளருடையது. அதுவரை ஐயா, இந்த நாலு நாளாகப் பதிவாளர் நான்.

என் அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. அறுபத்தொரு பேரை ஒப்பித்தவள் போன மாதம் ஐம்பத்தெட்டோடு நிறுத்தினாள். "மீதி மூணு பேர் யாரும்மா?" என்றேன். "எந்த மூணு பேரு?" என்றாள். அந்த மூன்று பேர் இன்று இந்தப் பூமியில் ஒரே ஒரு சீட்டில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். ஒரு பைத்தியக்காரத்தனம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அவளை வாரத்துக்கு ஒருமுறை தூக்கிப்போய் மருந்துக்கடைக்காரரிடம் காட்டுகிறேன். பிறகு தெருக்கோடித் தையல்காரம்மாவிடம் காட்டுகிறேன். அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். தையல்காரம்மா, "பாப்பா மருந்துக்கடைக்கும் போறாளாமே, அந்த ஆளு என்னன்னு கொஞ்சுறாரு?" என்று கேட்டபோது நான் பதறிப்போனேன். சாட்சி கெட்டுப்போயிற்றே என்று! பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? ஐயாவிடம் ஐந்து வருடம் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

முந்தாநாள் இந்த உரைக்காக ஐயாவின் குடும்பத்தைப் புத்தகத்தில் தேடினேன். அவர் மனைவி எங்கே, பிள்ளைகள் எங்கே? முதல் பக்கத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில் இல்லை. எங்குமே இல்லை. பிறகு அலமாரியைத் திறந்தேன். முதல் கட்டின் முதல் சீட்டு. தேதியைப் பார்த்தால், இரண்டு சாட்சி முறை வந்த அதே நாள். ஒரு மனைவி. இரண்டு பெண் குழந்தைகள். பிடிக்காதது என்கிற இடத்தில், சின்னவள் விரல் சூப்புவாள், எத்தனை அடித்தும் நிறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறார். சாட்சி ஒருவர்: தந்தை. கீழே அதே கையால், 'ஏற்கப்படவில்லை'.

தன்னைத்தானே எதிரில் உட்கார வைத்து விசாரித்திருக்கிறார். தன்னைத்தானே நிராகரித்திருக்கிறார். பிறகு மாடியை விட்டு இறங்காமல் ஊரார் பிள்ளைகளின் பெயரை எழுதினார். இப்படி ஒரு மனிதரைப் புகழ்வதா, திட்டுவதா? எனக்குத் தெரியவில்லை. அந்தச் சின்னவளின் பெயரைப் படித்தபோது, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அவரைத் திட்டினேன். யோவ், உனக்காகக்கூட ஒரு வரி ஒதுக்கிக்கொள்ளக் கூடாதா?

ஆனால் சபையோரே, ஒன்றை மட்டும் பார்த்தீர்களா? ஒன்பதாயிரம் பேரை நிராகரித்தார். ஒரு சீட்டையும் கிழிக்கவில்லை. கூரை ஒழுகினால் தன் போர்வையை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு படுப்பார். பட்டியல் ஐயாவைப் பற்றி என்னிடம் இருக்கும் நல்ல வார்த்தை இதுதான். நாலு இல்லை, ஒன்றுதான்.

ஐயாவின் சீட்டில் இருக்கும் அந்த மூன்று பெயரையும் இப்போது இங்கே படிக்க மாட்டேன். படித்தால் நாளைக்கு நீங்கள் எல்லோரும் சாட்சி என்று வந்து நிற்பீர்கள். இத்தனை வருடம் அவர் அந்தச் சோதனையைத் தாங்கினார், இரண்டு நிமிடம் நான் தாங்கக்கூடாதா? உங்களில் யாராவது உண்மையாகவே அந்த வீட்டுக்குப் போயிருந்தால், அந்தக் குழந்தையைத் தூக்கியிருந்தால், தனியாக வாருங்கள். யாரும் வராவிட்டாலும் அந்தப் பெயர்கள் அச்சேறும். ஒன்பதாயிரம் பெயரும் அச்சேறும். 'ஒருவர் மட்டும் பார்த்தவை' என்று அட்டையிலேயே போட்டு, இரண்டாவது புத்தகமாக வரும். அதில் நாலு பேர் உயிரோடு இருக்கலாம். அவர்கள் வந்து என் மானத்தை வாங்கட்டும். ஐயா தொடங்கிய வேலையை ஐயா துணியாத இடம்வரை கொண்டுபோவேன் என்று இந்தச் சபையின் முன் சொல்கிறேன்.

காப்பாளர் அவர்களே, அதனால் சுவர் கிடைக்காது என்று தெரியும். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் சொந்தக்காரர்கள் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லில் வர இருந்த உங்கள் அப்பா பெயரை, அண்ணன் பெயரை நான் இன்று பறித்துவிட்டேன். வெளியே போனதும் நீங்கள் என் முகத்தில் துப்பலாம். துடைத்துக்கொள்வேன்.

தீர்மானத் தாள் இதோ. இரண்டு கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது இடம் காலி. ஐயாவின் படத்துக்கு முன்னால் வைக்கிறேன், பேனாவையும் திறந்தே வைக்கிறேன். என்னைப் பதிவாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஒருவரைப் போட உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அந்தப் புதியவர் இங்கேயே, இவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கையெழுத்துப் போடட்டும்.

ஆனால் அலமாரி காலி. சீட்டுகள் முந்தாநாளே என்னோடு வந்துவிட்டன.