நாதன் இன்னும் வாசலில் நிற்கிறான்

சபைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நைனா முகமது ராவுத்தர் அவர்களே, மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, வாசகசாலைக் காரியதரிசி கருப்பண்ணன் அவர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாக்கண்ணு அம்மாளே, அரியலூர்ப் பெருமக்களே, வெள்ளிக்கிழமைதோறும் இதே அறையில் என்னோடு பாய் விரித்து உட்கார்ந்த தாய்மார்களே! எல்லோருக்கும் தனம்மாளின் வணக்கம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அழகாகப் பேச எனக்கு வராது. எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகத்தான் பேசினார்கள். கல்விக் கடல் என்றார்கள். ஆங்கிலச் சிங்கம் என்றார்கள். கோபமே அறியாத குணக்குன்று என்றார் தலைமையாசிரியர். கோபம் அறியாதவரா? எந்த இராமலிங்கம் சாரைச் சொல்கிறீர்கள் ஐயா? எங்களோடு வாக்குவாதம் முற்றி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வீசி, "பொம்பளைங்களா நீங்க, ஐகோர்ட்டு வக்கீலுங்களா?" என்று கத்தினாரே, அந்த இராமலிங்கம் சார்தான் எங்களுக்குத் தெரிந்தவர். அவருக்குத்தான் நான் அழுகிறேன்.

அழுகிறேனே தவிர, கோபம் தீரவில்லை. செத்தவர் மேல் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். சென்ற வாரம் வியாழக்கிழமை போனாரே! எல்லா நாளையும் விட்டுவிட்டு வியாழக்கிழமை! வெள்ளி சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகச் சண்டை நடந்த காலத்தில் யாரோ ஒரு அமெரிக்கச் சிப்பாய் ரயிலில் விட்டுப்போன புத்தகம் ஒன்று, திருச்சிப் பழைய கடையில் சார் கைக்கு வந்தது. அட்டை இல்லை, முன்தாள் இல்லை, பேரும் இல்லை. ஆனால் அந்த நாட்டில் பள்ளிக்கூடத்திலேயே பாடமாக வைத்திருக்கிற பெரிய நாவல் என்று சார் சொன்னார். அதை வாரா வாரம் இங்கிலீஷில் ஒரு வரி பார்த்து, தமிழில் ஒரு வரி எங்களுக்குச் சொல்லுவார்.

ஹன்னா என்று ஒரு பெண். ஏழை வீட்டுப் பெண். வில்லார்டு என்று ஒரு பணக்காரன். ஓடுகிற ரயிலில் பாதி அவனுடையது. நாதன் என்று ஒரு பையன். இங்கிலீஷில் நேத்தனாம், எங்கள் வாயில் நாதன். அவளோடு ஒரே பண்ணையில் வளர்ந்தவன். அவளுக்குக் 'கசின்' என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கசின் என்றால் என்ன சார் என்று கேட்டோம். "அத்தான்" என்றார்.

அவ்வளவுதான்! அத்தான் குத்துக்கல்லாட்டம் இருக்க, இந்தப் பெண் போய் வில்லார்டைக் கட்டிக்கொண்டாள். சும்மா விடுவோமா? மாசக்கணக்கில் அவளை வைதோம். என் பேரே தனம். பணத்தின் குணத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். அந்த வில்லார்டு அவளுக்குப் பியானோ வாங்கிப் போட்டான், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சுவரெல்லாம் கண்ணாடி பதித்தான், அவள் தன் முகத்தைப் பார்த்தே சலித்துப் போனாள். எல்லாம் வாங்கினான், உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவேயில்லை. நான் இப்படிச் சொன்னபோது ஹபீபா ஒத்துக்கொள்ளவில்லை. "வாங்கியாந்து போடுறதும் ஒரு பிரியந்தாங்க. எங்க வூட்டுக்காரருக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்றாள். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். அவர் சம்சாரம் சபையில் சொன்னதைத்தான் நானும் சபையில் சொல்கிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஹன்னாவின் தாத்தா செத்துப்போகிற கட்டம் வந்தது. சவப்பெட்டியை அவருடைய பிள்ளைகள் இருவரும் தூக்கிப்போனார்களாம். ஒருவர் ஹன்னாவின் அப்பா, இன்னொருவர் நாதனின் அப்பா. சார் வாசித்துக்கொண்டே போகிறார். என் பக்கத்தில் இருந்த ஆண்டாயி எழுந்து நின்றுவிட்டாள்.

"இருங்க சார், இருங்க. ரெண்டு அப்பனும் கூடப் பொறந்தவங்களா? அப்ப நாதன் அவளுக்கு அண்ணனில்ல!"

"அந்த ஊருல எல்லாத்துக்கும் கசின்னு ஒரே வார்த்தைதான் ஆண்டாயி."

"ஒரே வார்த்தையா? அப்ப யாரக் கட்டலாம், யாரக் கட்டக்கூடாதுன்னு வெள்ளக்காரன் எப்புடித் தெரிஞ்சுக்குவான்?"

"அண்ணனுக்குக் கழுத்த நீட்டலன்னுதானா இத்தன நாளா அந்தப் புள்ளய வஞ்சோம்?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

"எங்க மார்க்கத்துல தடையில்லீங்க" என்று ஹபீபா ஆரம்பித்தாள். ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் மூக்குக்கண்ணாடி பறந்தது. "நான் என்னம்மா பண்ணட்டும்? கசின்னா என்னான்னு கேட்டீங்க. தமிழ்ல ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித்தானே ஆகணும்? அத்தான்னுட்டேன். தப்புத்தான், விடுங்க!"

அடுத்த வெள்ளி வந்து சொன்னார்: "இனிமே அத்தானும் இல்ல, அண்ணனும் இல்ல. நாதன்னு பேரைச் சொல்லுறேன். அவன் எப்பேர்ப்பட்டவன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பெரியோர்களே! அந்தப் பெரிய மனுஷர் எங்களுக்குச் செய்த உபகாரம் அதுதான். முறை என்று இருந்தவரை அந்தப் பையன் மனசில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருத்தியாவது கேட்டோமா? காணி நிலத்துக்கு வழக்காடுவதுபோல அவளை அவனுக்கு வாங்கிக் கொடுக்கத்தான் பார்த்தோம். வில்லார்டு பணத்தைக் காட்டி எடுத்துக்கொண்டான். நாங்கள் முறையைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இந்த வயசாயிற்று. அதுவும் எங்கிருந்தோ வந்த அட்டையில்லாத புத்தகத்தால்! எரிச்சல் வராதா?

பிறகு வில்லார்டு செத்தான். சொத்தெல்லாம் ஹன்னாவுக்கு வந்தது. கறுப்பு உடுப்போடு அந்தக் கண்ணாடி வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் நல்ல மழை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நாதன்! சொத்துக்கு வந்தானா, அவளுக்காக வந்தானா? அந்த இடத்தில் சார் புத்தகத்தை மூடினார்.

அப்போது ஆண்டாயி கேட்டாள். மிகச் சின்ன வயசிலேயே தாலியைப் பறிகொடுத்தவள் அவள். அண்ணன் அண்ணன் என்று ஊரைக் கூட்டினாளே, அவளேதான். தலையை நிமிர்த்தாமல், பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "கதவத் தொறந்தாளா சார்?"

சார் அவளைப் பார்த்தார். "அடுத்த வெள்ளி வா ஆண்டாயி, சொல்லுறேன்" என்றார்.

சொன்னாரா? வியாழக்கிழமை போய்விட்டார்!

அது போகட்டும். சாவு யார் கையிலும் இல்லை. ஆனால் இப்போது காரியதரிசி அவர்கள் ஒரு தீர்மானம் வாசித்தார்களே, அது யார் கையில் இருக்கிறது? இந்த அறையில் சாரின் படம் மாட்டப்படுமாம். படத்துக்குக் கீழே கண்ணாடி பீரோவாம். அதற்குள் அவர் கடைசியாக வாசித்த புத்தகத்தை வைத்து, மாலை போட்டுப் பூட்டப்படுமாம். மரியாதையை முன்னிட்டு வெள்ளிக்கிழமை வாசிப்பு நிறுத்தப்படுமாம்! மரியாதையா இது? கருப்பண்ணன் தம்பி, புத்தகம் என்ன, கற்பூரம் காட்டுகிற சாமியா? ஏற்கெனவே ஒருத்தியைக் கண்ணாடி வீட்டில் பூட்டி வைத்திருக்கிறது. அந்த வீட்டையும் சேர்த்து இன்னொரு கண்ணாடிக்குள் பூட்டப் போகிறீர்களா?

யார் வாசிப்பார்கள் என்று கேட்பீர்கள். அதோ, தூணோரம் நிற்கிறாளே ஜெயலட்சுமி, என் பேத்தி! எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எங்கள் வம்சத்தில் முதல் ஆள். இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் சார்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் எதற்குப் பேத்தி?

அம்மாக்கண்ணு அம்மாள் தலையசைக்கிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் அவர்களுடையது. அவர்கள் சம்மதம் கிடைத்துவிட்டது. தலைவர் அவர்களே, மறுப்புச் சொன்னால் வீட்டுக்குப் போய் ஹபீபாவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சிரிக்க வேண்டாம், வாசகசாலைச் சாவியைக் கொடுங்கள்.

இராமலிங்கம் சார்! மேடையில் வைத்திருக்கும் உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இந்த அறையில் வெள்ளிக்கிழமை நிற்காது. இந்தப் புத்தகம் முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் மற்றொன்று. சண்டையும் நிற்காது. வீசி எறிய உங்கள் மூக்குக்கண்ணாடி இல்லையே, அது ஒன்றுதான் குறை.

ஜெயலட்சுமி, நீயும் கேட்டுக்கொள். இன்று ராத்திரி முடிவைப் பார்த்து வைக்காதே. அவனை அத்தான் என்றும் வாசிக்காதே, அண்ணன் என்றும் வாசிக்காதே. அவள் கதவைத் திறந்தால் திறந்தாள் என்று வாசி. திறக்கவில்லை என்றால் அப்படியே வாசி. எங்கள் மனசு நோகுமே என்று ஒரு வார்த்தையை மாற்றாதே.

ஆண்டாயி, நாளைக்கு வெள்ளிக்கிழமை. பின்னால் ஒதுங்காமல் முன்னால் வந்து உட்கார். அந்த மனுஷன் இன்னும் மழையில்தான் நிற்கிறான்.