மூன்றாவது மூட்டை

பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள் ஐயா. இடுப்பு ஒரு பக்கம் தூக்கியபடி நாள் முழுக்க உட்கார்ந்தால் அடியில் ஓடுகிற நரம்பு நசுங்கும். எழுந்து கதவைச் சாத்தப் போனபோது மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள், பார்த்தேன். எடுத்து மேசைமேல் வையுங்கள். நான் தொட மாட்டேன்.

நல்லது. இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அந்த நரம்பு நம் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். இடுப்பிலிருந்து புட்டத்துக்குள் இறங்கி, தொடைக்குப் பின்னால் போய், பாதம் வரைக்கும் ஓடுகிறது. முதுகெலும்புக்கு நடுவே ஜவ்வு என்கிறோமே, சுமை தூக்கித் தூக்கி அது பிதுங்கினால் நரம்பின் வேரை அழுத்தும். கோளாறு இடுப்பில், கதறுவது கால். நான் எட்டாவதோடு நின்றவன். பதினெட்டு வருஷம் சிமெண்ட் மூட்டை சுமந்தேன். அப்புறம் ஒன்பது வருஷமாகப் பிசியோதெரபி நிலையத்தில் எடுபிடி. முதல் வேலை வலியைக் கொடுத்தது. இரண்டாவது வேலை அதற்குப் பேர் சொல்லிக் கொடுத்தது.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை புருஷன், சிமெண்ட் கிடங்கில் சுமை தூக்கும் எங்கள் கூட்டத்துக்குத் தலைவர். நான் பேசி முடித்த கல்யாணம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இடுப்பு வலி, லீவு வேண்டும் என்று எவன் சொன்னாலும் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். பக்கத்தில் மூன்று மூட்டை அடுக்கியிருக்கும். தலைவர் அவன் காலைத் தூக்குவார். மூன்றாவது மூட்டை உயரம் வருவதற்குள் கத்தினால் வீட்டுக்குப் போகலாம். கத்தாமல் தாண்டினால் வேலைக்குப் போக வேண்டும். எவனோ ஒருத்தன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது. பாதி சரிதான், டாக்டர்களும் காலைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள். ஆனால் முழங்கால் நீட்டியே இருக்க வேண்டும். மடங்கினால் நரம்பு தளர்ந்துவிடும், வலி தெரியாது.

என் முறை வந்த அன்று மாப்பிள்ளை முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். கால் மடங்கியபடி மூன்றாவது மூட்டையைத் தாண்டியது. நான் கத்தவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

"என்ன மச்சான், இந்தக் கால வச்சுக்கிட்டு ஓட்டப் பந்தயத்துக்கே போலாமே. நம்ம ஹீரோ நல்லா நடிக்கிறாருப்பா, கைதட்டுங்க."

பதினோரு பேர் கைதட்டினார்கள். நான் எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றினேன். பதினான்காவது மூட்டையில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இடது பாதம் மேலே தூக்காது. இந்தச் செருப்பைப் பாருங்கள், வார் வைத்துக் கட்டியிருக்கிறேன். இல்லாவிட்டால் நாலு எட்டில் கழன்றுவிடும். வேலை போயிற்று. பேர் மட்டும் நின்றது. தங்கையின் பிள்ளைகளுக்கு நான் ஹீரோ மாமா. தங்கையிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அவரு வேணும்னு செய்வாராண்ணா? நீயும் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவ" என்றாள்.

எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் மாப்பிள்ளைக்கும் அதே வலி வந்தது. நிலையத்துக்கு வர மாட்டேன் என்றார். காலைத் தூக்கிப் பார்த்தே பேர் வாங்கியவர், ஊரார் முன்னால் மல்லாக்கப் படுக்க முடியுமா? அதனால் நான் வீட்டுக்குப் போனேன். நான்கு வாரம் ஒரு குறை வைக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். படுத்தே கிடக்கக் கூடாது, மெதுவாக நடக்க வேண்டும் என்று வாசல்வரை கைபிடித்துக் கூட்டிப் போனேன். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சில வாரங்களில் சரியாகிவிடும். அவருக்கும் குறைந்துகொண்டுதான் வந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை தங்கை கூப்பிட்டாள். முந்தின நாள் அவர் பீரோவை நகர்த்தியிருக்கிறார். போனபோது கட்டிலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கால் வலி சுத்தமா விட்டுப்போச்சு. ஒரு மாசத்துல இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்கு."

"நல்லது மாப்பிள்ளை. வேற ஒண்ணும் இல்லியே?"

"உக்காந்தா உக்காந்த மாதிரியே தெரியல, பஞ்சு மேல இருக்கிற மாதிரி இருக்கு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்கு வேற வரமாட்டேங்குது."

எங்கள் நிலையத்து வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. தினமும் காலையில் அதைத் துடைப்பது என் வேலை. 'உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், கால்கள் தளர்ந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.' முதுகின் அடியில் நரம்பெல்லாம் குதிரைவால் மாதிரிக் கொத்தாக இறங்குகிறது. ஜவ்வு மொத்தமாக அதன்மேல் சரிந்தால் வலிகூடச் செத்துவிடும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் வெட்டி எடுத்தால் கால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. பிசியோ டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"பயமா இருக்குண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா, வண்டி சொல்லட்டுமா?" என்றாள் தங்கை.

"எதுக்குடி வண்டி? அதான் நம்ம ஹீரோ டாக்டர் வந்துட்டாரே" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஒரு சொல்லுக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சின்ன மனுஷன் இல்லை நான்.

"வலி போனா நல்லதுதானம்மா. மாத்திரை வேகத்துல மரத்த மாதிரிதான் இருக்கும். ரெண்டு நாள் பார்ப்போம்" என்றேன்.

வெள்ளிக்கிழமையும் போனேன். அடிவயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. அவரைப் படுக்கவைத்து, குதிகாலைக் கையில் ஏந்தி, முழங்கால் மடங்காமல் பிடித்துக் காலைத் தூக்கினேன். மனக்கணக்கில் ஒரு மூட்டை. இரண்டு மூட்டை. மூன்றைத் தாண்டிக் கால் செங்குத்தாக நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை.

"பார்த்தீங்களா மச்சான், பாஸாயிட்டேன்" என்றார்.

நான் கைதட்டினேன். தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

சனிக்கிழமை கட்டிலிலிருந்து இறங்கியவர் அப்படியே சரிந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமையே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் அறுவை டாக்டர். தங்கை அப்போதும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தலையில் எழுதியது என்றாள். இப்போது குழாய் மாற்றுவதும், துணி மாற்றுவதும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவதும் அவள்தான். முதுகை வளைத்துத் தூக்குகிறாள். அப்படிச் செய்யாதே, முழங்காலை மடக்கித் தூக்கு என்று சொல்லிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். தள்ளியது நான். வாசலில் சக்கரம் தட்டி நின்றபோது நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"இது எப்பண்ணா மாட்டினது?"

"நான் வேலைக்குச் சேர்ந்த வாரம். ஆணி அடிச்சதே நான்தாம்மா."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் அழவில்லை. நாற்காலியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஹீரோ என்று கூப்பிடவில்லை. அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான். வியாழன் காலை ஒன்பதரைக்கு, அவர் பஞ்சு என்ற சொல்லைச் சொன்னபோதே தெரியும். இரண்டு நாள் என்று நான் சொன்னதும் எண்ணித்தான் சொன்னேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. கால் வலி என்று என்னிடம் நூறு பேருக்குமேல் வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு வலி திரும்பி வந்தது. இனி எப்போதும் வலிக்காது என்று என்னால் உறுதி சொல்ல முடிந்தது மாப்பிள்ளை ஒருத்தருக்குத்தான்.