படிவத்தில் இல்லாத காரணம்

"நீ செத்துப் போயிருந்தா எனக்குப் பிரச்சினையே இல்லம்மா."

லேக் மார்க்கெட்டில் ஷேர் ஆட்டோ வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பள்ளிச் சீருடைப் பெண்தான் இப்படிச் சொன்னாள். கையில் ஒரு படிவம் இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் திக்கென்றது.

"யாரு சொன்னது?" என்றாள் அம்மா.

"ஸ்கூல் ஆபீஸ்ல எல்லாரும் தீதின்னு கூப்பிடற அக்கா. எழுபத்தஞ்சு பர்சென்ட் அட்டெண்டன்ஸ் இல்லேன்னா போர்டு எக்ஸாம் எழுத விட மாட்டாங்க. குறைஞ்சா இதுல இருக்கற காரணம் ஏதாவது காட்டணும். எனக்கு உடம்பு சரியில்லேன்னா ஒத்துக்குவாங்க. அப்பாவோ அம்மாவோ இறந்துட்டாலும் ஒத்துக்குவாங்க."

"ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேனே? நீதானே ராப்பகலா கூட இருந்த?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அம்மா படிவத்தை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"நிமோனியா எனக்கு இல்ல, உனக்குன்னு எழுதிடலாமா?"

"டாக்டர் குடுத்த பேப்பர் எல்லாம் உன் பேர்ல இருக்கு."

ஆட்டோ வந்தது. இரண்டு பேருக்குத்தான் இடம். மகளை முதலில் ஏற்றிவிட்டு, படிவத்தை நாலாக மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"நாளைக்கு நானே வந்து அந்தத் தீதிகிட்ட பேசறேன். நான் சாகறதாத்தான் இருந்தேன், இவதான் விடலைன்னு சொல்றேன்."