ஒரு லட்சத்து மூன்று

எண்ணிலே பிசகாத, எங்களை மட்டும் எப்போதும் முறைக்கிற தலைவர், கணக்கு வாத்தியார் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை முகத்திலும் ஏந்தியிருக்கும் தாய்மார்களே! தூசியிலும் வெயிலிலும் என்னோடு மண்டியிட்டு வேலை செய்த தோழர்களே! இந்தத் தரைக்கு டைல்ஸ் பதித்தவளின் தாழ்மையான வணக்கம்!

கொஞ்சம் காலடியைப் பாருங்கள். செருப்பை நகர்த்திப் பாருங்கள், தப்பில்லை! இந்த நூலகத் தரை யாருடைய தரை? ஊரில் ஆளுக்கொன்றாக வண்ணம் தீட்டித் தந்த டைல்ஸ் அல்லவா? அதோ சிரிக்கிறாரே, அவர் வரைந்தது யானையா அடுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது!

வரிசைக்கு நானூறு, வரிசைகள் இருநூற்றைம்பது. ஆக, ஒரு லட்சம்! அச்சில் வார்த்தாற்போல் அமைந்தது கூடம். தலைவருக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்தா புதிதாகக் குடிவந்த தையல்காரர் வர வேண்டும்? அவர் கையில் ஒன்று, மனைவி கையில் ஒன்று, கைக்குழந்தையின் உள்ளங்கை பதித்தது ஒன்று!

"மூணையும் கழிச்சிடும்மா. கூடம் கோணிடும்" என்றார் தலைவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பச்சக் கொழந்த கையை எப்படி சார் கழிக்கிறது? வரிசைய மாத்திப் போட்டுப் பாருங்க!" என்றேன்.

உட்கார்ந்தார் மனிதர். ஒரு லட்சத்து மூன்றை இரண்டால் வகுத்தார், ஒன்று மீதி. மூன்றால் வகுத்தார், ஒன்று மீதி. ஏழால் வகுத்தார், அப்போதும் ஒன்று மீதி! பதினொன்றால் வகுத்தார், இரண்டு மீதி! வகுத்தார், வகுத்தார், முந்நூற்றுப் பதினாறு வரை வகுத்தார். அதற்குமேல் ஏன் போகவில்லை? இரண்டு எண்களைப் பெருக்கி இது வருமென்றால், சின்னது அதற்குள்ளேயே அகப்பட்டிருக்க வேண்டுமாம். அகப்படவில்லை!

கொதித்துக்கொண்டு வருவார் என்றிருந்தேன். குதித்துக்கொண்டு வந்தார்! "இது பகா எண்! ஒண்ணையும் தன்னையும் விட்டா எதாலயும் வகுபடாது. ஆறு இலக்கத்துல இதுதான் முதல் பகா எண்! இதுல ஒண்ணு குறைஞ்சுது, நடக்கறதே வேற!"

மூன்று மனிதருக்கு இளகாத நெஞ்சு, ஓர் எண்ணுக்கு இளகியது! எதற்கு இளகினால் என்ன, இளகியதே! எந்தக் கூடத்திலும் அடங்காத எண்ணுக்கு வாசற்சுவரில் இடம் பிறந்தது. சற்றுமுன்தான் மூன்றையும் அங்கே பதித்துவிட்டு வந்தேன்.

யாரங்கே கை தூக்குவது? மின்வேலை பார்ப்பவரா? சத்தமாகச் சொல்லுங்கள்! என்ன, உங்கள் மகளுக்கு இன்று காலை குழந்தையா? அதற்கும் ஒரு டைல்ஸா? வாழ்த்துகள் ஐயா, வாழ்த்துகள்!

ஆனால்... ஒரு லட்சத்து நான்கு! இரண்டால் வகுபடும், நான்கால் வகுபடும். தலைவரின் பகா எண் பறிபோகிறதே! கைதட்டாதீர்கள், பொறுங்கள். தலைவர் எழுந்திருக்கிறார். மைக்கைக் கேட்கிறார். இந்தாருங்கள் ஐயா.

"எண்ணு போனா போகட்டும்மா. சிமெண்ட் இன்னும் ஈரமாத்தான் இருக்கு. அந்தக் கொழந்தையோடதக் கொண்டு வரச் சொல்லு."

கேட்டீர்களா? கேட்டீர்களா மக்களே? இப்போது தட்டுங்கள்! கூரை அதிரத் தட்டுங்கள்! என் நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்குமேல் பேச்சு எதற்கு? காது கொடுத்த எல்லோருக்கும் நன்றி. கரணையோடு வாசலுக்குப் போகிறேன், வணக்கம்!